காரைக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை: முதல் முறை நடப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழநிக்கு நடப்பவர்களில் பெரும்பாலோர் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் செல்கிறார்கள். தூரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நான் இந்த வழியில் பல ஆண்டுகளாக நடக்கிறேன்; நடந்த ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்த சிலர் பாதி வழியில் சாமான் வண்டியில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் உடம்பு முடியாதவர்கள் குறைவு. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்துவிட்டு ஏறியவர்களே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியைக் கால வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். படிப்பவர்களும் அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டுகிறேன்.

1. பூசத்திலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்

தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25 அன்றும், 2025-இல் பிப்ரவரி 11 அன்றும், 2026-இல் பிப்ரவரி 1 அன்றும் வந்தது. ஆங்கிலத் தேதி இப்படி முன்னும் பின்னும் நகர்வதால், சென்ற ஆண்டு நடந்த உறவினர் சொன்ன தேதியை வைத்து விடுப்புக் கேட்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

அடுத்து, பழநியில் எந்த நாளில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். பூசத்தன்றே மலையேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் பல மணி நேரம் வரிசையில் நிற்பதற்கும் சேர்த்துத் தங்கள் காலைத் தயார்ப்படுத்த வேண்டும். அப்படி வேண்டுதல் இல்லாதவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சேருமாறு திட்டமிட்டால் தரிசனம் நிதானமாக அமையும்.

அந்த நாளிலிருந்து ஆறு நாட்களைக் கழித்தால் புறப்படும் நாள் கிடைக்கும். ஆறு நாள் என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 27 கிலோமீட்டர். பழகியவர்கள் நான்கு நாளில் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் முதல் முறை நடப்பவர் அந்தக் கணக்கைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். திரும்பி வந்த பின் ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் முழுவதும் மாடிப்படி ஏற முடியாது.

நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படுகின்றன. அவர்களுக்கென்று வழிவழியாக வகுத்த நாளும் தங்குமிடமும் உண்டு. நீங்கள் அந்தக் குழுவில் இல்லாவிட்டாலும் அவர்கள் எந்த இரவில் எந்த ஊரில் தங்குகிறார்கள் என்பதை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரவில் அந்த ஊரில் வேறு யாருக்கும் நீட்டிப் படுக்க இடம் கிடைப்பது கடினம்.

2. காலைப் பழக்குங்கள்: ஆறு வாரம் முன்பே

வெறுங்காலுடன் நடக்கப்போகிறவர் பழக்க வேண்டியது முதலில் உள்ளங்காலின் தோலைத்தான். தினமும் செருப்போடு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூடத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் நடந்தால் கொப்புளத்தோடுதான் வீடு திரும்புவார். தோல் தடிக்க நாள் பிடிக்கும். அதை ஒரே வாரத்தில் முடிக்க வழியில்லை.

கார்த்திகை கடைசியில் தொடங்குங்கள். முதல் வாரம் ஊருணிக் கரையிலோ தெருமண்ணிலோ ஒரு கிலோமீட்டர் போதும். இரண்டாம் வாரம் மண்ணும் தாருமாக இரண்டு மூன்று கிலோமீட்டர். பிறகு சாலையோரச் சரளையில் நடந்து பாருங்கள். நம் பக்கத்துச் சரளை செம்புறாங்கல் உடைந்து வந்தது. உருண்டையாக இருப்பதால் குத்துவதைவிடக் காலை நழுவச் செய்யும். கொட்டாம்பட்டிக்கு அப்பால் கருங்கல் ஜல்லி வந்துவிடும். அது வேறு வகை வலி.

ஐந்தாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை நடந்துவிட்டுப் பேருந்தில் திரும்புங்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்யுங்கள். இந்த இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். வலி பிடித்த காலோடு மறுநாள் காலை எழுந்து நடக்க முடிகிறதா என்பதை வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. சனிக்கிழமை மட்டும் நடந்துவிட்டுத் தயாராகிவிட்டோம் என்று நினைத்தவர்களே சிங்கம்புணரியில் வண்டி தேடுகிறார்கள்.

கால் நகங்களைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வெட்டுங்கள். முந்தின நாள் ஒட்ட வெட்டினால் நகக்கண் சிவந்து, மூன்றாம் நாளில் சீழ் வைக்கும்.

3. மருத்துவரைப் பார்ப்பதை விரதத்துக்கு முன் முடியுங்கள்

மாலை போட்டுக்கொண்ட பிறகு ‘நடக்க வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னால் மனம் ஒப்பாது. வீட்டாரும் ஒப்ப மாட்டார்கள். அதனால் இதை முதலில் முடித்துவிட வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால், இதயம் ஆகியவற்றில் ஏதேனும் தொல்லை உள்ளவர்கள் நடக்கப்போவதைச் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரதத்தில் சாப்பாட்டு நேரம் மாறும். மாத்திரையின் நேரமும் அதோடு சேர்ந்து மாற வேண்டியிருக்கும். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஏனெனில் ஆணியும் முள்ளும் வழியெங்கும் உண்டு.

சர்க்கரை நோயால் பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. முள் ஏறியது தெரியாமலேயே பத்துக் கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். செருப்போடு நடப்பதை முருகன் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் யாருக்காவது நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விரதம் ஒரு மண்டலமா, இருபத்தோரு நாளா என்பது அவரவர் வழக்கம். நடைக்கு அதனால் கிடைக்கும் பயன் அதிகாலையில் எழும் பழக்கமும் இரவில் அரை வயிற்றோடு படுக்கும் பழக்கமுமே. இந்த இரண்டும் வந்துவிட்டால் பாதி வழி வந்த மாதிரி.

4. குழுவைத் தேர்ந்தெடுங்கள்

தனியாக நடக்கலாம், ஆனால் முதல் முறை வேண்டாம். குழுவில் சேர்வதற்கு முன் நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சாமான் வண்டி உண்டா? இரவில் எங்கே தங்குவீர்கள்? ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? பின்னால் வருபவர்களுக்கு யார் துணை?

நான்காவது கேள்விதான் முக்கியம். முன்னால் யார் போகிறார் என்பதை எல்லாக் குழுவும் சொல்லும். கடைசியில் யார் வருகிறார் என்று கேட்டால் சில குழுக்கள் விழிக்கும். கடைசி ஆளாக நடப்பதற்கு அனுபவமுள்ள ஒருவரை நியமித்திருக்கும் குழுவில் சேருங்கள். முதல் முறை வருபவர் பெரும்பாலும் கடைசி ஐந்து பேரில்தான் இருப்பார்.

பெண்கள் குழுத் தலைவரிடம், அல்லது குழுவில் உள்ள மூத்த ஆச்சி ஒருவரிடம், கழிப்பறை வசதியையும் மாதவிலக்கு நாட்கள் பற்றிய அந்தக் குழுவின் வழக்கத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வழக்கம் குழுவுக்குக் குழு மாறுபடுகிறது. நத்தத்தில் நின்றுகொண்டு அதைப் பேசுவதைவிடக் காரைக்குடியில் வீட்டில் உட்கார்ந்து பேசுவது எல்லோருக்கும் நல்லது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கும் குழுவில் பணம் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். கழிப்பறைக்காகவே அதைக் கொடுக்கலாம்.

5. இரண்டு பைகள் கட்டுங்கள்

ஒன்று வண்டியில் போவது, மற்றொன்று தோளில் தொங்குவது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதிகமாக நான் பார்த்தது, எது எந்தப் பையில் இருக்க வேண்டும் என்பதில் வரும் குழப்பந்தான். வண்டி உங்களுக்கு முன்னால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். உங்கள் மாத்திரை அதற்குள் இருக்கும்.

வண்டிப் பையில் மாற்றுத் துணி, ஜமுக்காளம், போர்வை, எவர்சில்வர் தட்டு, கொசுவத்தி ஆகியவை போதும். தை மாதப் பனி நத்தம், திண்டுக்கல் பக்கத்தில் மலைக்காற்றோடு சேர்ந்து வருவதால் போர்வை கனமாகவே இருக்கட்டும். பையின் மேல் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்கு இருட்டில் ஒரே நிறத்தில் அறுபது பைகள் கிடக்கும்.

தோள்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை: அன்றைய மாத்திரைகள், தண்ணீர், ஒரு டம்ளர், மெல்லிய துண்டு இரண்டு, சிறு புட்டியில் தேங்காய் எண்ணெய், முள்வாங்கி, கிருமிநாசினி மருந்து, பஞ்சு, டார்ச், பத்து ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம், இரண்டு ஜோடிப் பருத்திக் காலுறை. முள்வாங்கியை மறக்காதீர்கள். சீமைக் கருவேல முள் ஊக்கால் நோண்டினால் உடைந்து உள்ளே தங்கிவிடும். முள்வாங்கியால் பிடித்து, ஏறின திசையிலேயே இழுத்தால் முழுதாக வரும்.

துணி எல்லாம் பழையதாக இருக்கட்டும். முதல் ஆண்டில் நான் புது வேட்டியைக் கஞ்சி மொடமொடப்போடு கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வைரவன்பட்டி தாண்டுவதற்குள் அதன் கரை தொடையின் உட்புறத்தை அரத்தைப் போல அராவிவிட்டது. பிறகு ஐந்து நாளும் கால்களை அகட்டி வைத்து நடந்தேன். உள்ளங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வேட்டிக்கு உள்ளே முழங்கால் வரை நீண்ட பருத்தி அரைக்கால் சட்டை அணிந்து, உரசும் இடத்தில் புறப்படும்போதே எண்ணெய் தடவிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. சேலையில் நடப்பவர்களுக்கும் உட்பாவாடையின் கரையால் இதே சங்கடம் உண்டு.

6. முதல் நாள் குறைவாக நடங்கள்

குன்றக்குடியில் சண்முகநாதரை வணங்கிவிட்டுப் பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் போட்டு நடக்கத் தொடங்கும்போது எல்லோருக்கும் கால் பறக்கும். உறவினர் வழியனுப்ப வந்திருப்பார்கள், அரோகரா முழக்கம் காதில் நிற்கும், சாலையும் சமதளம். அந்த வேகத்தில் திருப்பத்தூரைத் தாண்டிப் போய்விடுவது பெரிய தவறு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அதுவே மேல் வரம்பு.

காரணம், முதல் நாளின் வலி முதல் நாளில் தெரியாது. தசை இறுகுவது இரவில், படுத்த பிறகுதான். ஓர் ஆண்டு எங்கள் குழுவில் கல்லூரி மாணவர் ஒருவர் முதல் நாளே சிங்கம்புணரி வரை போய் எங்களுக்காகக் காத்திருந்தார். மறுநாள் பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மீதி வழியைச் சாமான் வண்டியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கடந்தார்.

மற்றவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க முயல வேண்டாம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம். ஒரு மணி நேரம் நடந்தால் பத்து நிமிடம் உட்காருங்கள். களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்காருங்கள். எங்களோடு பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆச்சி, “தம்பி, வலிச்சப்புறம் உக்காந்தா எந்திரிக்க முடியாது, வலிக்கிறதுக்கு முன்னாடியே உக்காந்திரணும்” என்பார். உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது, ஈரத்துண்டால் பாதத்தைத் துடைத்து, உலர்ந்த துண்டால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பது. அந்த ஈரம் தங்கும் இடத்தில்தான் தோல் வெளுத்துக் கிழிகிறது. தண்ணீர் குடிப்பதுகூட அவருக்கு அதன் பிறகுதான்.

7. வெயிலையும் நிலவையும் கணக்கில் வையுங்கள்

நடை அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்குத் தொடங்கிக் காலை பத்து மணிக்குள் ஒரு பகுதியும், மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை இன்னொரு பகுதியுமாக இருக்கட்டும். நடுப்பகலில் தார் கொதிக்கும். பத்தரைக்கு மேல் ‘இன்னும் ஒரு மைல்தானே’ என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் உள்ளங்கால் முழுவதும் ஒரே தகடாகக் கொப்புளம் எழுகிறது. தவிர்க்க முடியாமல் வெயிலில் சிக்கினால் காலுறை அணிந்துகொள்ளுங்கள்.

பூசம் முழுநிலவை ஒட்டி வருவதால் இரவெல்லாம் நிலவு இருக்கும் என்று நினைப்பது இன்னொரு பிழை. புறப்படும் முதல் இரண்டு நாட்களில் பாதி நிலவுதான் இருக்கும். அது நள்ளிரவையொட்டி மறைந்துவிடும். நீங்கள் நடக்கும் அதிகாலை நேரமோ கும்மிருட்டு. டார்ச்சின் அருமை திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்தில்தான் தெரியும். ஒட்டன்சத்திரம் நெருங்கும் நாளில் நிலவு விடியும் வரை உடன் வரும்.

சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். பின்னாலிருந்து வரும் வண்டியை உங்களால் பார்க்க முடியாது; எதிரே வருவதைப் பார்த்தால் ஒதுங்கலாம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் மேற்கு நோக்கி நடக்கிறோம். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் வெயில் நேராக அடிக்கும். அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த நேரத்தில் தாரை விட்டு மண்ணில் இறங்கி நடப்பதே பாதுகாப்பு. மாலையில் வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும். பின்னாலிருந்து வருபவருக்கும் அப்படியே. ஒளிரும் பட்டையைப் பையில் மட்டுமின்றி முதுகிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பாட்டு கேட்பவர்கள் ஒரு காதையாவது சாலைக்கு விட வேண்டும்.

கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரைப் பெருஞ்சாலை குறுக்கிடுகிறது. அதைப் பகல் வெளிச்சத்தில் கூட்டமாகக் கடக்குமாறு அன்றைய புறப்பாட்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

8. கொப்புளத்தை எப்படிக் கையாளுவது

கொப்புளம் எழுவதற்கு முன் ஓர் எரிச்சல் வரும். அப்போதே நின்று, துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே நீர் கோத்திருக்கும்.

சிறிய கொப்புளத்தை உடைக்காமல் விடுவதே நல்லது. மேல்தோல்தான் அதற்குக் கட்டு. மிதிக்கவே முடியாத அளவுக்குப் பெரிதானால் மருத்துவ முகாமில் காட்டுங்கள். முகாம் பக்கத்தில் இல்லையென்றால் கிருமிநாசினியால் துடைத்த ஊசியால் ஓரத்தில் சிறு துளையிட்டு நீரை மட்டும் வெளியேற்றி, மருந்து வைத்துத் துணி சுற்றுங்கள். தோலை உரிக்கக் கூடாது. உரித்த இடத்தில் மணல் பட்டால் அன்றோடு நடை முடிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே வேண்டாம்.

வலிக்கிற காலைத் தூக்கிவைத்துக்கொண்டு மற்றக் காலில் பாரத்தைப் போட்டு நடப்பது மனித இயல்பு. மறுநாள் அந்த நல்ல காலின் முழங்கால் வீங்கும். நடையை மாற்றுவதைவிட வேகத்தைக் குறையுங்கள். இரவில் படுக்கும்போது பாதங்களைச் சற்று உயர்த்தி, பையின் மீது வைத்துத் தூங்கினால் காலை வீக்கம் வடிந்திருக்கும்.

9. பந்தல் சாப்பாடு

வழியில் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை. நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, இட்லி என்று அன்னதானப் பந்தல்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிடுவதுதான் சங்கடம். ஒரு காலைப்பொழுதில் மூன்று பந்தலில் மோரும் இரண்டு பந்தலில் பொங்கலும் உண்டவர் மதியத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைவிடம் தேடுவார். அழைப்பவரைக் கும்பிட்டு, “இப்போதுதான் சாப்பிட்டேன்” என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். வாங்கிவிட்டுக் குப்பையில் கொட்டினால்தான் வருத்தப்படுவார்கள்.

சூடாக இருப்பதை உண்ணுங்கள். தண்ணீரைத் தாகம் வருவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பருகுங்கள். நடையை நிறுத்திவிட்டு முகாமுக்குப் போங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழைப்பதற்கு யோசிக்கவே கூடாது.

10. வழியில் சந்திக்கும் மனிதர்கள்

நத்தம் வரை ஏறக்குறைய ஒரே முகங்களைத்தான் மறுபடி மறுபடி பார்ப்பீர்கள். புதுக்கோட்டை, தேவகோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் உங்களைக் கடப்பார்கள். நீங்கள் புளியமரத்தடியில் அவர்களைக் கடப்பீர்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் யார் எந்த ஊர், எதற்காக நடக்கிறார் என்பது தானாகத் தெரிந்துவிடும். திண்டுக்கல்லில் திருச்சி, மதுரைப் பக்கத்துக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் அதன் பிறகு தெரிந்த முகத்தைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும். ஆகவே நடைத்துணையைத் திண்டுக்கல்லுக்கு முன்பே அமைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சைத் தொடங்குவது எளிது. வயதில் பெரியவரை ஐயா, ஆச்சி, அம்மா என்றும், ஒத்தவரை அண்ணே, அக்கா என்றும் அழைக்கலாம். எதுவும் தெரியாவிட்டால் “சாமி” எல்லோருக்கும் பொருந்தும். “எந்த ஊரிலிருந்து நடக்கிறீங்க, எத்தனையாவது வருசம்?” என்ற இரண்டு கேள்விகள் போதும். என்ன வேண்டுதல் என்று கேட்காதீர்கள். குழந்தை இல்லாதது, கடன், நோய், வழக்கு என்று பலரும் சொல்லத் தயங்கும் காரணங்களோடு நடக்கிறார்கள். சொல்ல நினைத்தால் அவர்களே ஏழெட்டுக் கிலோமீட்டர் போன பின் சொல்வார்கள். அப்போதும் பதில் அறிவுரை தேவைப்படாது. நம் ஊர்களில் அடுத்த கேள்வியாக “நீங்க எந்த ஆளுக?” என்பது வழக்கம்; பாதயாத்திரையில் அதை விட்டுவிடுங்கள்.

சிலர் மௌனமாக நடப்பார்கள். சிலர் உதட்டசைவில் மந்திரம் சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பக்கத்தில் நடக்கலாம், பேச வேண்டியதில்லை. காவடி சுமந்து வருபவருக்கு முன்னால் குறுக்கே பாய்வதும், காவடியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுப்பதும் கூடாது. இருட்டில் பின்னாலிருந்து அரோகரா என்று குரல் வந்தால் ‘வழி விடுங்கள்’ என்றும் பொருள் கொள்ள வேண்டும். நீங்களும் அரோகரா என்று பதில் கொடுத்துவிட்டு ஓரம் கட்டுங்கள்.

உதவியில் ஒரு வரிசை இருக்கிறது. தண்ணீர், எண்ணெய், முள்வாங்கி ஆகியவற்றைக் கேட்காமலே நீட்டலாம். மாத்திரையை மட்டும் யாருக்கும் கொடுக்கவும் கூடாது, யாரிடமும் வாங்கவும் கூடாது. வலி நிவாரணி என்று ஒருவர் அன்போடு நீட்டுவது உங்கள் இரத்த அழுத்தத்துக்கோ வயிற்றுப்புண்ணுக்கோ ஆகாததாக இருக்கலாம். யாராவது உட்கார்ந்துவிட்டால் அவருடைய குழு வரும் வரை ஒருவர் நிற்க வேண்டும். எல்லோரும் நிற்க வேண்டியதில்லை. நின்றால் எல்லோருக்கும் கால் இறுகும்.

திண்ணையில் இடம் கொடுத்த வீட்டில், எழுந்ததும் படுத்த இடத்தைக் கூட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். அடுத்த ஆண்டு அதே வீட்டுக்காரர் இன்னொருவருக்குக் கதவு திறப்பது இதைப் பொறுத்தது.

11. திண்டுக்கல்லுக்கு அப்பால்

இங்கிருந்து பழநி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போவதைக் கண் காட்டாது, கெண்டைக்கால் காட்டும். இது நான்காம், ஐந்தாம் நாள் என்பதால் உடம்பு பழகியிருக்கும். அந்தத் தைரியத்தில் இரவும் நடந்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று தோன்றும். தூக்கக் கலக்கத்தில் நடப்பவர் தன்னையறியாமல் சாலையின் நடுப்பக்கம் சாய்கிறார். இதை நான் பின்னாலிருந்து பலமுறை பார்த்துச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் அதைவிட்டு இறங்காதீர்கள்.

ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை உள்ள ஊர். இரவிலும் அதிகாலையிலும் லாரிகள் வந்துபோகும். அந்த ஊரைப் பகலில் கடப்பது நல்லது. அதைத் தாண்டிய பின் ஓரிடத்தில் பழநி மலை கண்ணில் படும். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு அரோகரா சொல்வார்கள். பார்வைக்குத்தான் அது பக்கம். அங்கிருந்தும் சாப்பாடு, தண்ணீர், பத்து நிமிட ஓய்வு எல்லாம் பழையபடியே தொடர வேண்டும்.

12. பழநியில் செய்ய வேண்டிய வரிசை

சேர்ந்தவுடன் மலையேறாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரமாவது படுத்து எழுங்கள். முடிகாணிக்கை உள்ளவர்கள் அதை முடித்துக் குளித்துவிட்டு, அடிவாரத்தில் திருஆவினன்குடியில் வணங்கிய பின் கிரிவீதி சுற்றி மலைக்குப் போவது வழக்கம். நடந்து வந்த காலுக்குச் செங்குத்தான படிகளைவிட யானைப்பாதை எளிது. ஆனால் விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிடுவதால் அன்றைய ஏற்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்லத் தடை இருக்கிறது. அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இதனால் வரும் சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை: மலையில் பிரிந்துவிட்டால் யாரையும் அழைக்க முடியாது. ஆகவே கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன், இறங்கி வந்து எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். முதியவர்கள், சிறுவர்கள் சட்டைப்பையில் குழுத் தலைவரின் எண்ணையும் வண்டி நிற்கும் இடத்தையும் தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசிக்கான ரசீதை ஒருவரிடமே மொத்தமாகக் கொடுத்துவைக்காதீர்கள். அவர் வரிசையில் சிக்கிக்கொண்டால் பதினைந்து பேர் அடிவாரத்தில் காத்துக் கிடக்க நேரிடும்.

13. திரும்பும் பயணம்

நகரத்தார் காவடிகள் திரும்பும்போதும் நடந்தே வருகின்றன. மற்றவர்கள் பெரும்பாலும் பேருந்திலோ குழு வண்டியிலோ திரும்புகிறார்கள். பூசத்தன்று இரவில் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. முடிந்தால் அன்றிரவு தங்கி மறுநாள் காலையில் புறப்படுங்கள். பேருந்தில் காலைத் தொங்கப்போட்டு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கும். திண்டுக்கல்லில் இறங்கி ஐந்து நிமிடம் உலாவிவிட்டு ஏறுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து உள்ளங்காலை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாமல் ஒரு முள் முனையாவது அங்கே இருக்கும்.